தட்டை உடைத்துச் சோறு போட்ட தாய்

ஸ்பெயின் நாட்டுத் தாய்மாருக்கு அன்பு வந்தால் கத்துவார்கள், அன்பு கூடிப்போனால் தட்டை உடைப்பார்கள் என்று நான் கன காலம் நம்பியிருந்தேன். நான் மட்டுமில்லை. பாரிசில், லாச்சப்பலில் ஒரு சீலைக்கடையின் பின்னறையில் சட்டை தைத்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோருமே நம்பினோம். நம்பப் பண்ணினவ அவ.

பிரெஞ்சில் ஸ்பானிஷுக்கு எஸ்பன்யோல் என்பார்கள், அதனால் எஸ்பன்யோல் அக்கா என்றுதான் அவவைக் கூப்பிடுவோம். சொந்தப் பேர் ஒன்று இருந்தது, அது இப்ப வேண்டாம். வடமராட்சிப் பக்கத்து ஆள். பாரிசுக்கு வந்த கையோடு ஒரு வயதான ஸ்பானிய மதாமைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. அந்த மதாமுக்குப் பிரெஞ்சு கதைக்கப் பிடிக்காது. அதனால் இவவுக்கு ஸ்பானிஷ் வந்தது, பிரெஞ்சு வரவில்லை. பஸ்சில் யாராவது இடிபட்டால் ஸ்பானிஷில் ஏசுவா. இடித்தவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார். "விளங்காத பாசையிலை ஏசினாத்தான் சனம் பயப்பிடும்" என்பா.

ஆள் கட்டை. மூக்கில் நிற்காத கண்ணாடி. கோட்டுப் பையில் எப்பவும் சூரியகாந்தி விதை. மதாமிடம் பழகினது. முன்பல்லால் ஒன்றைக் கடித்து, கோதை எங்கள் பொத்தான் பேணிக்குள் துப்புவா. பொத்தான் தேடிப் பேணிக்குள் கை விட்டால் கோதுதான் வரும். ஏசினால், "விதையை உங்களுக்குத் தரேல்லை எண்டு கோவமோ?" என்று ஆளுக்கு நாலு விதை தந்து எங்கள் வாயை அடைத்துவிடுவா.

சனிக்கிழமை மத்தியானம் மதாமின் பெறாமகள் வருவா, இவவுக்கு ஓய்வு. ஓய்வென்றால் எங்களிடம் வருவா. பெறாமகள் கழித்துவிட்ட லப்டொப் ஒன்றைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து, இஸ்திரிக்கை போடும் மேசையில் வைத்து, கடை முதலாளித் தம்பியின் வீஃபி இன்டர்நெட்டைப் பிடித்து ஸ்பெயின் படம் போடுவா. முதலாளித் தம்பி முன்னால் கடையில் நிற்பார். பின்னறையில் என்ன ஓடுகிறதென்று அவருக்குத் தெரியாது. சத்தம் கேட்டால் சாமிப்படம் என்று நினைத்துக்கொள்ளுவார்.

படம் என்றால் ஒரு தொடர். பேக்கரி நடத்துகிற ஒருத்திக்கும் அவளிடம் வேலைக்கு வந்த ஒருத்திக்கும் விருப்பம். இரண்டு பேரும் பெண்கள். அதுதான் கதை. அதை நாங்கள் முழுசாக ஒரு நாளும் பார்த்ததில்லை. எந்தெந்த நாட்டிலோ இருக்கிற பெட்டைகள், அந்த இருவரும் வருகிற இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி இன்டர்நெட்டில் ஏற்றிவிடுவார்கள். தகப்பனின் வழக்கு, தம்பியின் களவு, பாண் சுடுகிறது எல்லாம் வெட்டுப்பட்டுப் போய்விடும். மிஞ்சுகிறது பார்வையும் பெருமூச்சும் முத்தமும்தான்.

"இவளவைக்கு வேறை வேலை வெட்டி இல்லையோ?" என்று பிலோமினா கேட்பாள். பிலோமினா மன்னார் ஆள், கொக்கி தைக்கிறவள். "இந்தளவு நேரம் ஆளையாள் பாத்துக்கொண்டு நிண்டா போறணையிலை பாண் கருகிப் போகாதோ?"

"கருகின பாணையும் வெட்டிப்போட்டுத்தான் ஏத்தியிருக்கினம்" என்பா அவ.

முதல் முத்தம் வந்த அன்று பிலோமினா மடியிலிருந்த சட்டைத் துணியைத் தூக்கி லப்டொப்பின்மேல் எறிந்தாள்.

"பிலோமினா, எடு துணியை. மூடினா மெசின் சூடாகி வெடிச்சுப்போம்."

"வெடிக்கட்டும். மாதாவே, ரெண்டும் பொம்பிளையள்!"

"ஓம். உனக்குக் கண் நல்லாத் தெரியுது."

"என்ன செய்யினம் அவை?"

"விரும்பினம்."

"என்னெண்டு?"

"நீ உன்ரை மனுசனை விரும்பின மாதிரி."

"நான் எங்கை விரும்பினனான்? பேசித்தானே கட்டினது."

"அப்ப உனக்கு விளங்காது. பேசாமல் ஊசியைக் கோர்."

அவவின் குணம் அது. இந்த விசயத்தில் ஒரு சொல்லையும் மூடமாட்டா, மெழுகமாட்டா. சினேகிதிகள் என்று சொல்லியிருக்கலாம், மச்சாள்மார் என்று சொல்லியிருக்கலாம், நாங்களும் அப்படியே கேட்டிருப்போம். ஆனால் விரும்பினம் என்றால் விரும்பினம்தான். கண்ணாடி துடைத்த மாதிரிச் சொல்லுவா. அதனால்தான் மற்றதெல்லாவற்றையும் நாங்கள் நம்பினோம். இவ்வளவு பெரிய விசயத்தை ஒளிக்காதவ சின்ன விசயத்திலா பொய் சொல்லப் போறா?

அங்கேதான் பிழை விட்டோம்.

அந்தத் தொடரில் பேக்கரிக்காரிக்குத் தாய் ஒருத்தி. காதில் வளையல் அளவுக்குத் தோடு. தோட்டுக்காரி என்று பேர் வைத்தோம். மகளின் விருப்பம் அவவுக்குத் தெரியவருகிற கட்டம் வந்தது. தோட்டுக்காரி கத்தத் தொடங்கினா. கழுத்து நரம்பு புடைக்க, கையை நீட்டி நீட்டி ஒரே கத்தல்.

அக்கா விதை ஒன்றைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னா: "'ஏன் பிள்ளை எனக்கு முதலே சொல்லேல்லை? நான் என்ன வேறை ஆளோ' எண்டு கேக்கிறா."

"அதுக்கேன் இந்தக் கத்துக் கத்துறா?" என்று கேட்டாள் ராணி. ராணிதான் எங்கள் அறையில் வெட்டுகிறவள். கத்தரிக்கோல் அவளின் கையை விட்டு இறங்காது.

"ஸ்பானியர் அன்பாக் கதைச்சாலும் கத்துவினம். சூடான தேசம்."

தோட்டுக்காரி மேசையிலிருந்த தட்டைத் தூக்கி நிலத்தில் அடித்தா. சோறோ என்னவோ சிதறிப்போனது. மகள் அழுகிறாள்.

"இது?"

"'சாப்பாடு ஆறிப்போச்சு. இதை நீ தின்னக்கூடாது, புதுசாச் சமைச்சுத் தாறன்' எண்டு சொல்லுறா."

"அதுக்குத் தட்டை உடைக்கோணுமோ?"

"அங்கத்தை வழக்கம்."

"மகள் ஏன் அழுகிறாள்?"

"இப்பிடி ஒரு தாய் ஆருக்குக் கிடைக்கும்? நீ எண்டாலும் அழுவாய்."

நாங்களும் அழுதோம். உண்மையாக. ராணி சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்களை விட அவை மேல்" என்றாள்.

அதிலிருந்து தோட்டுக்காரி எங்களுக்குச் சொந்தக்காரி மாதிரி. கதவை அடித்துச் சாத்தினால் மகளுக்குக் குளிர்காற்றுப் படக்கூடாதென்று சாத்துறா. உடுப்புகளை ஜன்னலால் எறிந்தால் வெயிலில் காயப் போடுறா. ஒரு நாள் சுவாமியார் ஒருவர் வந்து சிலுவையைத் தூக்கிப் பிடித்து இடிமுழக்கம் மாதிரிப் பேசினார். "'மழை வரப்போகுது, ரெண்டு பிள்ளையளும் குடை கொண்டு போங்கோ' எண்டு சொல்லுறார்" என்றா. பிலோமினாவுக்கு அந்தச் சுவாமியாரை அப்படிப் பிடித்துப்போனது. "எங்கடை கோயிலுக்கு இப்பிடி ஒரு சுவாமி வரேல்லையே" என்று கன நாள் கவலைப்பட்டாள்.

அவ திரையைப் பார்ப்பது குறைவு. விதையைக் கொறித்துக்கொண்டு எங்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பா. அதை நான் கவனித்தேன். கவனித்ததைச் சொல்லுகிற ஆள் நான் இல்லை. சீலைக்கரை தைக்கிறவளுக்கு மூலையில் இடம். மூலையிலிருந்தால் எல்லாரும் தெரிவார்கள்.

இருவருக்கும் கலியாணம் என்று ஒரு துண்டு வந்தபோது பட்ட பாடு பெரும்பாடு. அந்தக் காலத்தில் பிரான்சில் அது இல்லை, ஸ்பெயினில் இருந்தது. "சட்டப்படியோ?" என்று ராணி கேட்டாள். "சட்டப்படி. மேயர் வந்து எழுதுவார்." சட்டம் சரியென்றான பிறகு எங்களுக்கு அதில் வேறு கேள்வி இருக்கவில்லை. சடங்கில்தான் இருந்தது.

"தாலிக்குப் பொன்னுருக்கிறது மாப்பிள்ளை வீட்டிலையெல்லோ? இதிலை ஆர் மாப்பிள்ளை வீடு?" இது ராணி.

"பேக்கரி வச்சிருக்கிறவள்தான். சொந்தத் தொழில் உள்ளவள்" என்றாள் பிலோமினா, வேதக்காரியாக இருந்தும்.

"அப்ப மற்றவளின்ரை தம்பி வந்து பேக்கரிக்காரியின்ரை காலைக் கழுவோணுமோ? அவளுக்குத் தம்பி இருக்கிறானோ?"

"இருக்கிறான். வெட்டிப்போட்டினம்" என்றா அக்கா.

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள் கலியாண முழுக்கு எண்டால் ஆர் வீட்டை முதல் போறது?" ராணி விடவில்லை.

அக்கா தீர்ப்புச் சொன்னா: "ரெண்டு வீட்டிலையும் பொன் உருக்கட்டும். ரெண்டு பேரின்ரை காலையும் கழுவட்டும். தண்ணிக்கென்ன பஞ்சமோ?"

இந்தச் சத்தத்துக்கு முதலாளித் தம்பி தலையை நீட்டினார். "என்ன அக்காமார், ஆற்றை கலியாணம்?"

நாங்கள் எல்லோரும் அவசரமாகத் துணியில் குனிந்தோம். அவதான் அசையாமல், "எங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளையளுக்கு" என்றா.

"அப்ப கூறை?"

"ரெண்டு வேணும் தம்பி."

"ஏன் ரெண்டு?"

"ரெண்டு பொம்பிளை."

"ஓ! ஒரே மேடையிலை ரெண்டு கலியாணமோ? பெரிய புண்ணியம் அக்கா. இஞ்சைதான் எடுக்கோணும் சொல்லிப்போட்டன்." அவர் சந்தோசமாகப் போனார். பிலோமினா வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கொக்கியெல்லாம் கொட்டுண்டது. பிறகு கன நாளைக்கு அவர், "அந்தக் கூறை அலுவல் என்ன மாதிரி?" என்று கேட்பார். "பிள்ளையள் நிறம் தெரிவு செய்யினம்" என்பா.

சிரிப்பும் விளையாட்டுமாக இருந்தாலும் சில நேரம் லப்டொப்பை மூடிவிட்டு அவ சொல்லுகிறது வேறு மாதிரி இருக்கும். மதாம் பார்க்கிற பழைய ஸ்பெயின் படங்களில் இப்படியானவர்களுக்கு இரண்டு வேலைதானாம். "ஒண்டில் இடுப்பை நெளிச்சு நடந்து ஆக்களைச் சிரிக்க வைக்கோணும். இல்லாட்டிக் கடைசியிலை சாகோணும். இருந்து சாப்பிட்டுச் சண்டை பிடிச்சுக் கிழவியாகிற வேலையை இப்பதான் குடுத்திருக்கினம்." துண்டுப்படங்களுக்குக் கீழே உலகமெல்லாம் இருந்து பிள்ளைகள் எழுதியிருப்பதையும் வாசிப்பா. மெக்சிக்கோவில் ஒரு பிள்ளை போர்வைக்குள் ஒளித்திருந்து பார்க்கிறாளாம். இன்னொருத்தி, தாய் வருகிற சத்தம் கேட்டால் சமையல் படத்துக்கு மாற்றிவிடுகிறாளாம். இதை வாசிக்கும்போது மட்டும் அவ எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டா.

ஒருமுறை மதாமின் திரைச்சீலைக்கு நான் கரை தைத்துக் கொடுத்தேன். கொழுவிப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனா. மதாம் கதிரையில் இருந்தா, எலும்பும் தோலும், ஆனால் உதட்டுக்குச் சிவப்புப் பூசி. தொலைக்காட்சியில் ஒரு படம். அதிலும் ஒரு தாய், ஒரு பையன், வாசல் கதவு. தாய் வாயைத் திறந்த உடனே மதாம் சத்தத்தை நிற்பாட்டிவிட்டா. படத்தில் அந்தத் தாயின் வாய் மட்டும் அசைகிறது. மதாம் தன் குரலில், மெதுவாக, அந்த வாயசைவுக்கு ஏற்ற மாதிரி ஏதோ சொன்னா. பிறகு படத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய் இன்னொரு முறை சொன்னா.

"என்ன சொல்லுறா?" என்று நான் ஏணியில் நின்றபடி கேட்டேன்.

"'வெளியிலை குளிர், சட்டையைக் கழுத்துவரை பூட்டு' எண்டு சொல்லுறா."

"ஆருக்கு?"

"மகனுக்கு. அவரும் இப்பிடி ஒரு பையனை விரும்பினவர். மதாம் அப்ப வேறை ஒண்டு சொல்லி அனுப்பிப்போட்டா. அவர் பிறகு இந்த வீட்டுக்கு வரவேயில்லை, இப்ப உயிரோடையும் இல்லை." என் கைக்குக் கொழுக்கியை எடுத்துத் தந்துகொண்டே சொன்னா: "சொல் ஒருக்கா வாயாலை வெளிக்கிட்டா, பிறகு அதுக்குப் பின்னாலை ஓடிப் பிடிக்க ஏலாது, தங்கச்சி. இவ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறா."

அன்றைக்கு ஏணியில் நிற்கும்போதே எனக்குத் தோட்டுக்காரியின் தட்டு விளங்கிவிட்டது. இறங்கி வந்து அவவின் முகத்தைப் பார்த்தேன். அவவும் என்னைப் பார்த்தா. "திரைச்சீலை வலப்பக்கம் கொஞ்சம் இறக்கம்" என்றா.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு நல்ல சம்மந்தி செத்துப்போன மாதிரி இருந்திருக்கும்.

இனி ராணியின் மகளைச் சொல்லவேண்டும். துஷி. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாசையாக ஸ்பானிஷ் படித்தவள், அப்போது யூனிவர்சிற்றிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ஒரு சனிக்கிழமை தாயைக் கூட்டிப்போக வந்து கதவடியில் நின்றாள். திரையில் தோட்டுக்காரி மகளின் பெட்டியைப் படியால் உதைத்து உருட்டிவிடுகிறா. "'பாரம் தூக்காதை, இடுப்புப் பிடிக்கும். நானே இறக்கித் தாறன்' எண்டு சொல்லுறா" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தா.

துஷி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அக்கா விதைப் பையை வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் போனா. நான் நூல் துண்டுகளை உதறப் பின்முற்றத்துக்குப் போனபோது, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் பிள்ளை சிரித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அது சிரிப்பில்லை. அக்கா அவளின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றா.

பிறகு எனக்கு மட்டும் சொன்னா. "அந்தப் பிள்ளைக்கும் ஒருத்தி இருக்கிறாள்."

"ராணிக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சிருந்தா உமக்கு அவ இருக்கிற கூசேன்விலிலை இருந்து சத்தம் கேட்டிருக்கும்."

எனக்குப் பயம் பிடித்தது. ராணி நல்லவள், ஆனால் சொன்ன சொல்லில் நிற்கிறவள். சொந்தத் தங்கச்சி வீட்டுக்குப் பிடிக்காத ஒருவனைக் கட்டினதுக்கு, "எனக்குத் தங்கச்சி இல்லை" என்று ஒருதரம் சொன்னாள். அந்தத் தங்கச்சி பக்கத்திலே லெ பிளாங்-மெனிலில்தான் இருக்கிறாள். கோயில் தேருக்கு எதிரெதிரே வந்தாலும் ராணி குருக்களைப் பார்க்கிற மாதிரி அவளைத் தாண்டிப் பார்ப்பாள். அந்த வாயால் துஷிக்கும் அதே சொல் வந்தால்? வந்துவிட்டால் அது போகாது. துஷிக்கும் அதுதான் பயம். இதற்கிடையில் ராணி மகளின் சாதகத்தை எடுத்துக் கனடாவுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டாள்.

பிரான்சிலும் அந்தக் கலியாணச் சட்டம் வரப்போகிறதென்று தெருவில் ஆதரித்தும் எதிர்த்தும் ஊர்வலம் போன வருசம் அது. ஒரு சனிக்கிழமை அக்கா கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தா. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தா.

"சளியோ அக்கா? மல்லித்தண்ணி குடிச்சனீங்களோ?" என்றாள் ராணி. "அப்ப இண்டைக்குப் படம் இல்லையோ? தோட்டுக்காரி பேக்கரிக்கு வரப்போறா எண்டு போன கிழமை சொன்னியள்."

அக்கா கதவடியைக் காட்டினா. துஷி நின்றாள். அவவே வரச் சொல்லியிருக்கவேண்டும்.

"ஓம், நல்லதாப் போச்சு! துஷி, பள்ளிக்கூடத்திலை படிச்சனீதானே. இருந்து சொல்லு எங்களுக்கு."

துஷி தோள்பையைக் கழற்றவில்லை. "எனக்கு வடிவா வராதம்மா."

"வந்த அளவுக்குச் சொல்லு பிள்ளை" என்றாள் பிலோமினா. "நாங்கள் என்ன சோதனையோ வைக்கிறம்?"

படம் ஓடியது. பேக்கரி. இரண்டு பிள்ளைகளும் மாவு குழைக்கிறார்கள். மணி அடித்துக் கதவு திறக்கிறது. தோட்டுக்காரி. அன்றைக்கு அவ கத்தவில்லை. ஒன்றையும் உடைக்கவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு கதைக்கிற மாதிரி மெதுவாக ஏதோ சொன்னா.

துஷி அக்காவைப் பார்த்தாள். அக்கா விதை கொறிக்கவில்லை. ஒரு கையை மட்டும் மடியில் மலர்த்தி வைத்தா. உன் விருப்பம் என்கிற மாதிரி.

"என்னவாம்? சொல்லன்" என்றாள் ராணி.

துஷி சொன்னாள்: "'இண்டையிலை இருந்து எனக்கு மகள் இல்லை. தெருவிலை கண்டாலும் நான் உன்னைத் தெரியாதெண்டுதான் போவன்.'"

தையல் மெசின் ஒவ்வொன்றாக நின்றது.

"பிழையாச் சொல்லுறாய்" என்றாள் ராணி.

"இல்லையம்மா. அப்பிடித்தான் சொல்லுறா."

"விசர்க்கதை கதையாதை! அந்த மனுசி அப்பிடிச் சொல்லாது. தட்டுத் தட்டா உடைச்சுச் சோறு போட்ட மனுசி! பெட்டியைத் தான் இறக்கிக் குடுத்த மனுசி!"

"ஆரோ செய்வினை செய்துபோட்டினம்" என்றாள் பிலோமினா, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு. "நல்லா இருந்த பொம்பிளை."

துஷி படத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் போட்டாள். அதே மெதுவான குரல். அதே வாய். சொல்லுக்குச் சொல் நிறுத்திச் சொன்னாள். இந்த முறை ராணிக்கு விளங்கிவிட்டது. மகளின் முகத்தை அவள் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள். எழும்பினாள். கத்தரிக்கோலைத் தோட்டுக்காரியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஏண்டி! பெத்த வாயாலை இதைச் சொல்ல உனக்கு என்னெண்டு வந்தது? அவள் என்ன களவெடுத்தவளோ? கொலை செய்தவளோ? தனக்குப் பிடிச்சவளோடை இருக்கப்போறன் எண்டுதானே கேட்டவள்! அந்த ரெண்டு பிள்ளையளும் விடிய எழும்பி மாவு குழைச்சு மரியாதையாச் சீவிக்குதுகள். நீ தோட்டைக் கொழுவிக்கொண்டு வந்து, மகள் இல்லையெண்டு சொல்லுறியோ? நீயெல்லாம் ஒரு தாயோ?"

அப்படி ராணி யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. மூச்சு வாங்கி நின்றாள்.

"அம்மா" என்றாள் துஷி. படத்தை நிற்பாட்டினாள். திரும்பவும், "அம்மா. அப்ப நான் கேட்டாலும் அப்பிடியோ?"

"நீ என்ன கேக்கப் போறாய்?"

"அவள் கேட்டதைத்தான்."

ராணியின் கத்தரிக்கோல் இன்னும் நீட்டினபடியே இருந்தது. பிறகு கை மெல்ல மெல்ல இறங்கியது. கதிரையில் இருந்தாள். பிலோமினா ஏற்கெனவே கோர்த்த ஊசியைத் திரும்பக் கோர்க்கத் தொடங்கினாள். நான் என் மடியிலிருந்த சீலையின் கரையை எண்ணாமல் மடித்துக்கொண்டே போனேன். முதலாளித் தம்பி தலையை நீட்டி, "என்ன, மெசின் எல்லாம் நிண்டுபோச்சு? கரண்ட் போட்டுதோ?" என்றார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

அக்கா எழும்பிக் கழுத்துத் துணியை அவிழ்த்தா. "நான் எல்லாருக்கும் தேத்தண்ணி போடுறன்" என்றா. குரல் வெண்கலம் மாதிரி இருந்தது. நான் ஒருத்திதான் திரும்பிப் பார்த்தேன். மற்றவர்களுக்கு அது காதில் ஏறவில்லை.

வீட்டுக்குப் போக நான், ராணி, துஷி மூன்று பேரும் ஒரே ரெயின்தான். அவர்கள் கூசேன்வில், நான் அதற்கு முன்னம் ஸ்தேனில் இறங்குகிறவள். கார் து நோர் ஸ்ரேசனில் ஏறி ராணி ஜன்னல் பக்கம் போய் இருந்தாள். துஷி முன்னால் இருந்தாள். நான் பக்கத்தில், இருக்கவா எழும்பிப் போகவா என்று தெரியாமல். ரெயின் வெளிக்கிட்டது. ராணி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். செங்-தெனி வந்தது, சனம் ஏறியது, இறங்கியது. ராணியின் வாய் திறக்கவில்லை. வாய்க்குள் அவள் என்ன வைத்திருக்கிறாளோ என்று அதையே பார்த்தேன். தங்கச்சிக்குச் சொன்னதும் அதே வாய்தான். துஷி தன் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் இடம் வந்தது. எழும்பிக் கம்பியைப் பிடித்தேன். அப்போதுதான் ராணி, கண்ணாடியில் தெரிந்த மகளின் முகத்தோடு கதைக்கிற மாதிரி, திரும்பாமலே கேட்டாள்.

"எந்த ஊர்ப் பிள்ளை?"

துஷி நகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "பிரெஞ்சுப் பிள்ளையம்மா. ப்ரெத்தாங் பக்கம். கடற்கரை."

கதவு திறந்தது. நான் ஒரு காலை வெளியே வைத்துவிட்டு நின்றேன். பின்னால் வந்தவர் முதுகில் இடித்தார்.

"அங்கை நல்ல மீன் எண்டு சொல்லுவினம்" என்றாள் ராணி.

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குள்ளால் துஷி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்துவது தெரிந்தது. ராணி இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பிளாட்போமிலேயே நின்று அக்காவுக்கு டெலிபோன் எடுத்தேன். நானாக ஒருவருக்கு எடுப்பது அபூர்வம். முதல் மணியிலேயே எடுத்தா.

"என்ன சொன்னவ? கெதியாச் சொல்லும்."

"ஊர் கேட்டவ. ப்ரெத்தாங் எண்டவள். 'அங்கை நல்ல மீன் எண்டு சொல்லுவினம்' எண்டு சொன்னவ."

அந்தப் பக்கம் சத்தமில்லை. விதை கடிக்கிற சத்தமும் இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்து நான் அலோ, அலோ என்றேன்.

"நிக்கிறன்" என்றா. பிறகு, பொறாமைப்பட்ட மாதிரி, "இவ்வளவு வருசமா எத்தினை தாய்மாருக்கு வாய் குடுத்தனான் தங்கச்சி, எனக்கு ஒருக்காலும் இப்பிடி ஒரு வசனம் வரேல்லையே" என்றா.